அணைப்பு

டண்டீ நகரில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
ஏழாம் மாடி ஆய்வகத்தில்
இஷ்பெல் கெர் பனிக்கட்டிப் பெட்டியைத் திறக்கிறாள்.
குப்பிக்குள் ஒரு துண்டுக் கொழுப்பு,
கட்டைவிரல் நகத்தளவு,
பழைய வெண்ணெயின் மஞ்சள்.
பெயர் கிடையாது. எண் நாற்பத்தொன்று.

உள்ளே எங்கோ ஒரு தமனி இருக்கிறது,
மூன்று தலைமுடி சேர்ந்த தடிமனில்.
சடை விலக்கிச் சுளை தேடுவதுபோல்
நுண்ணோக்கியின் கீழ்
ஊசிமுனைக் கத்தரியால் தேடுகிறாள்.

முன்பெல்லாம் கொழுப்பு குப்பைக்குப் போனது.
பாத்திரம் துலக்குவதுபோல் துலக்கு,
தமனி மட்டும் பளிச்சென்று நிற்கட்டும்
என்றது செய்முறைத் தாள்.
எத்தனை ஆண்டுகள்
சுவரைச் சோதித்துக்கொண்டிருந்தோம்,
சுவரில் சாய்ந்து அதனோடு பேசிக்கொண்டிருந்தவரை
வெளியே அனுப்பிவிட்டு!

இன்று இரண்டு வளையங்கள்.
ஒன்று உரித்தது,
ஒன்று தன் கொழுப்போடு.
முப்பத்தேழு டிகிரி உப்புநீரில்
மெல்லிய கம்பிகளில் மாட்டி
ஒரு சொட்டு நோரட்ரீனலின் விடுகிறாள்.
அச்சத்தில் உடம்பு தானே சுரப்பது அது.
அதற்குத் தெரிந்தது ஒரே வார்த்தை:
சுருங்கு.

உரித்த தமனி சுருங்குகிறது.

மெலிந்த ஒருவருடையதாக இருந்தால்
மற்றது சற்று யோசித்திருக்கும்.
பக்கத்துக் கொழுப்பு காதோரம்
ஏதாவது சொல்லியிருக்கும்:
விடு, இவ்வளவு இறுக்காதே,
வந்தது புலி அல்ல,
மேலாளரின் மின்னஞ்சல்.

நாற்பத்தொன்றின் கொழுப்பு
எதுவுமே சொல்லவில்லை.
திரையில் இரண்டு கோடுகளும்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்கின்றன.

சாயம் ஏற்றிப் பார்த்தால் தெரியும்
வீங்கிய செல்கள், ஆக்சிஜன் எட்டாத நெரிசல்.
தீயணைக்க வந்த வெள்ளணுக்கள்
இடுக்கில் குடியேறி
அங்கேயே குளிர்காய்கின்றன.

அணைத்தல் என்றால் தமிழில்
தழுவுவதும்தான்,
அவிப்பதும்தான்.

இந்த ஊருக்குக் கொழுப்பின் அருமை தெரியாததல்ல.
டே ஆற்றங்கரையில் ஆலைகள் ஓடிய நாளில்
திமிங்கல எண்ணெய் தெளித்துத்தான்
முரட்டுச் சணலை இளக்கினார்கள்.
எண்ணெய் காணாத நார்
நூற்கும்போதே அறும்.

நாற்பத்தொன்றுக்குப் பெயர் உண்டு,
இஷ்பெல் அறியமாட்டாள்.
டூகல் பெட்ரி,
இரவில் பெர்த் வரை ரொட்டி லாரி ஓட்டுபவர்.
ஒப்புதல் படிவத்தின்மேல் பேனாவை நிறுத்திக் கேட்டார்:
"என்ன எடுப்பீர்கள்?"
"கொஞ்சம் கொழுப்பு."
கட்டில் குலுங்கச் சிரித்தார்.
"ஐம்பத்திரண்டு வருஷத்தில்
இதை வேண்டுமென்று கேட்டது நீங்கள்தான்."
பிறகு, குரல் இறங்கி,
"கெட்டதுதானே அது?"
செவிலி ரோனா படிவத்தைத் திருப்பி
அடுத்த கையெழுத்துக்கு இடம் காட்டினாள்.
"கெட்டதில்லை. கெட்டுப்போனது."

அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருந்த தூரத்தை
அன்றிரவு நெடுஞ்சாலை முழுக்க
அவர் ஓட்டினார்.

அறுவையில் இரைப்பை சிறுத்தது.
லாரியில் இருக்கைப் பட்டை தளர்ந்தது.
நடுவே இரண்டு மாதம்
எல்லாவற்றையும் வெறுத்தார்,
குறிப்பாக வேகவைத்த கேரட்டை.

பதினான்கு மாதம் கழித்து
இன்னொரு குப்பி வருகிறது,
அதே எண், பக்கத்தில் ஒரு சிறு கோடு.
இஷ்பெல் மழைக்கோட்டைக் கழற்ற மறந்து
கம்பிகளை மாட்டுகிறாள்.
அதே உப்புநீர். அதே சொட்டு.

உரித்தது இறுகுகிறது, எப்போதும்போல்.
மற்றதும்
இறுகத் தொடங்கி,
பாதி வழியில்
யாரோ கூப்பிட்டதுபோல்
நிற்கிறது.